ஓட்டைப் பிரித்த பாவி நான்தான்

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘ஐம்பத்தோராயிரத்தில் ஒருத்தன்’. 2016 அதிபர் தேர்தலில் மிச்சிகன் மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு விழுந்தது 51,463 ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது. குடியுரிமை வாங்கியபின் நான் போட்ட முதல் அதிபர் தேர்தல் ஓட்டே அதுதான். டிரம்ப் இங்கே ஹிலரியை வென்றதோ வெறும் 10,704 ஓட்டில்.

அடுத்து வந்த பொங்கல் விழாவில், கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பதவியேற்புக்கு இன்னும் ஆறு நாள். கல்லூரியிலிருந்து கூடவே இருக்கும் நண்பன் பக்கத்தில் வந்து, “இப்ப சந்தோஷமாடா? கெடுத்துட்டியே!” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் பொங்கல் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த ‘கெடுத்துட்டியே’யைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் 2000 அதிபர் தேர்தலுக்குப் போய்விடுவார்கள். ஃப்ளோரிடாவில் குடியரசுக் கட்சியின் புஷ் ஜனநாயகக் கட்சியின் ஆல் கோரை முந்தியது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடருக்கு அங்கே 97,488. கணக்கு முடிந்தது, நாடர்தான் குற்றவாளி. சரி, அந்த வாக்குச்சீட்டை இன்னும் கொஞ்சம் கீழே வரை படிப்போம். அதில் மொத்தம் பத்து பேர். கடைசியாக, பத்தாவது இடத்தில் வந்த சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்காரருக்கே 562 ஓட்டு. அதாவது தோற்ற சில்லறை வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் வித்தியாசத்தைவிட அதிக ஓட்டு. பாம் பீச் மாவட்டத்தில் பெயர்களை இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் துளை குத்தச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற ‘பட்டாம்பூச்சிச் சீட்டு’ வேறு பலரைக் குழப்பியது. யூதர்கள் நிறைய வாழும் அந்த மாவட்டத்தில் தீவிர வலதுசாரி பேட் புக்கானனுக்கு 3,400-க்கு மேல் விழுந்தது. அதில் பெரும்பகுதி தனக்கு வந்ததாக இருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். இரண்டு இடத்தில் துளை விழுந்ததால் அதே மாவட்டத்தில் செல்லாமல் போனவை 19,000-க்கு மேல். கோர் தன் சொந்த மாநிலமான டென்னஸியிலும் தோற்றார். அதன் 11 தேர்வாளர்கள் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது இவர்கள்தான்) கிடைத்திருந்தால் ஃப்ளோரிடா பக்கமே அவர் திரும்பிப் பார்த்திருக்க வேண்டாம். பழி என்னவோ நாடர் தலையில்தான் விழுந்தது.

இதையெல்லாம் நண்பனிடம் ஒப்பித்து ஜெயித்துவிட்டதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். அந்தத் தேர்தலின் ஃப்ளோரிடா வாக்குச்சீட்டுகளையே எடுத்து, நாடருக்குப் போட்டவர்கள் மற்ற பதவிகளுக்கு யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இரண்டு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நாடர் இல்லையென்றால் கோர் பக்கம் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 60 சதவீதம், புஷ் பக்கம் 40 சதவீதம் என்று வந்தது. நாம் நினைக்கிற மாதிரி எல்லாரும் கோர் ஆட்கள் இல்லைதான். ஆனால் 97,000-இல் அந்த இருபது சதவீத இடைவெளி எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். அதில் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்திருந்தாலும் 537-ஐத் தாண்டிவிடும். ஆக, நாடரால் முடிவு மாறியது உண்மை. இதை மறுக்கிற மூன்றாம் கட்சி அன்பர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ‘என் ஓட்டு மாற்றம் கொண்டுவரும்’ என்று போடுவது, மாறிய பிறகு ‘என் ஓட்டால் ஒன்றும் ஆகவில்லை’ என்பது. இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

நான் ஹிலரிக்குப் போடாததற்குக் காரணம் 2002-இல் ஈராக் போருக்கு ஆதரவாக செனட்டில் அவர் போட்ட ஓட்டு. இதைச் சொன்னபோது நண்பன் திருப்பிக் கொடுத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. “நாடர் பிரிச்சதால புஷ் வந்தாரு. புஷ் வந்ததால ஈராக் போர் வந்துச்சு. அந்தப் போர் மேல கோவப்பட்டு நீ மறுபடியும் போய்ப் பிரிச்சிருக்க.” நல்ல பதில்தான். என்னிடம் இதற்கு இன்றுவரை முழுசான மறுமொழி இல்லை.

ஆனாலும் ‘பிரித்தாய்’ என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிப்பதற்கு முன் அது ஒன்றாக ஒருவர் கையில் இருந்திருக்க வேண்டும். என் ஓட்டு ஜனநாயகக் கட்சிக்குப் பாட்டன் எழுதிவைத்த சொத்தா? ஊரிலும் இதே பேச்சுதான்; ‘ஓட்டைப் பிரிக்க வந்தவன்’ என்று திட்டு வாங்காத சின்னக் கட்சி தமிழ்நாட்டில் உண்டா? 2016-இல் மிச்சிகனில் வாக்குச்சாவடி வரை வந்து, வரிசையில் நின்று, அதிபர் பதவிக்கு மட்டும் யாருக்கும் போடாமல் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் 75,000-க்கு மேல். ஸ்டைனுக்கு விழுந்ததைவிட அதிகம். அவர்களை யாரும் பொங்கல் விழாவில் பிடித்துக் கேட்கவில்லை. வீட்டிலேயே படுத்துக் கிடந்த லட்சக்கணக்கானவர்களையும் கேட்கவில்லை. அக்கறையாகப் போய் ஒரு வட்டத்தைக் கருப்பாக்கினவன்தான் மாட்டினான்.

உண்மையில் இந்தச் சண்டை எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. மெயின், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினவருக்கே மொத்தத் தேர்வாளர்களும். கலிஃபோர்னியாவில் என் மச்சினன் பசுமைக் கட்சிக்குப் போட்டால் சுற்றுச்சூழல் ஆர்வலர். இழுபறியாக இருக்கும் ஏழெட்டு மாநிலங்களில் ஒன்றில் இருந்துகொண்டு நான் போட்டால் துரோகி. 2000-இல் இதற்கென்றே ஓட்டு மாற்றிக்கொள்ளும் இணையதளங்கள் வந்தன: இழுபறி மாநிலத்து நாடர் ஆதரவாளர் கோருக்குப் போட வேண்டியது, பதிலுக்குப் பாதுகாப்பான மாநிலத்தில் இருக்கும் கோர் ஆதரவாளர் நாடருக்குப் போட வேண்டியது. பண்டமாற்று!

ஜெயித்தவருக்கே மொத்தமும் என்கிற இந்தத் தேர்தல் முறை செய்கிற வேலையை 1992-இல் பார்க்கலாம். ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் சுயேச்சையாக நின்று, தொலைக்காட்சியில் அரைமணி நேரம் வரைபடங்களைக் காட்டி நாட்டின் கடனை விளக்கி, 19 சதவீதம் வாங்கினார். அஞ்சில் ஒருவர்! கிடைத்த தேர்வாளர்கள் பூஜ்யம். ஆனால் 1968-இல் இனப் பிரிவினை பேசிய ஜார்ஜ் வாலஸுக்கு 13.5 சதவீதம்தான்; ஓட்டு தெற்கில் குவிந்திருந்ததால் 46 தேர்வாளர்கள். நாடு முழுக்கப் பரவலாக மதிக்கப்படுகிறவர் வெறுங்கையோடு போவார். ஒரு மூலையில் வெறுப்பைக் குவித்தவர் அறுவடை செய்வார். இதை விட்டுவிட்டு என்னைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இலங்கைத் தமிழ் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே 1982-இலிருந்தே ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பை எண்ணுவார்கள். 2024-இல்தான் முதல் தடவையாக அது தேவைப்பட்டது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள்; அவருக்கு 1 போட்டவர் விரும்பினால் இன்னொருவருக்கு 2 போட்டிருக்கலாம். யாரும் யாரையும் கெடுத்த பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முதல் இருவர் தவிர மற்றவர்களுக்கு விழுந்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில், அநுர குமாரவுக்கும் சஜித்துக்கும் சேர்ந்த அடுத்த விருப்புகள் மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. கருவி கையில் இருந்தும் பெரும்பாலோர் தொடவில்லை. இங்கே மெயினும் அலாஸ்காவும் அதிபர் தேர்தலுக்கே வரிசை முறையைக் கொண்டுவந்துவிட்டன. 2024-இல் வேறு பல மாநிலங்களில் மக்களிடம் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சிகனில் இன்னும் பழைய வட்டம்தான்.

2020-இல் நான் பைடனுக்குப் போட்டேன், வேண்டா வெறுப்பாக. 2024-இல் ஹாரிஸுக்கு. கொள்கை மாறவில்லை, கணக்கு பயமுறுத்தியது. இந்தத் தடவை டிரம்ப் இங்கே ஜெயித்தது சுமார் 80,000 ஓட்டில். ஸ்டைனின் மொத்த ஓட்டும் ஹாரிஸுக்குப் போயிருந்தாலும் எட்டியிருக்காது. ‘ஐம்பத்தோராயிரத்தில் ஒருத்தன்’ இல்லாமலேயே காரியம் கெட்டது என்று நண்பனுக்கு அன்றிரவே செய்தி அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

அந்தத் தேர்தலில் என் மகளுக்கு முதல் ஓட்டு. முன்கூட்டியே போடும் மையத்துக்கு ஒன்றாகத்தான் போனோம். அதிபர் பதவிக்கு எட்டுப் பெயர்கள். போட்டியிலிருந்து விலகி டிரம்புக்கு ஆதரவு சொல்லிவிட்ட ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரின் பெயர்கூட நீதிமன்றத் தீர்ப்பால் அப்படியே இருந்தது. பக்கத்துத் தடுப்பில் அவள் குனிந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். காஸாவைப் பற்றி வீட்டில் ஒரு வருஷமாக அவள் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். முடித்துவிட்டு, சீட்டை மறைப்பு உறைக்குள் முழுசாகத் தள்ளி, ஓரம்கூட வெளியே தெரியாதபடி பிடித்துக்கொண்டு இயந்திரம் இருந்த பக்கம் நடந்தாள்.

“போலாமாப்பா?” என்றாள். போலாம் என்றேன்.