யானைக்கு முடி ஒட்டின ஊர்

1998-இல் டெக்சாஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்டில் குடியிருந்தோம். மகன் பிறந்து இரண்டு மாதம். பகலெல்லாம் தூங்குவான், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அவனுக்குப் பொழுதே விடியும். பிரசவத்துக்குத் துணையாகச் சேலத்திலிருந்து வந்திருந்த அம்மாவும் நானும் முறை வைத்து அவனை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்போம். எவ்வளவு நேரம்தான் சுவரையே பார்ப்பது? டிவியைப் போட்டோம்.

சனிக்கிழமை ராத்திரிகளில் டிஎன்டி சேனலில் ஒரு மனிதர் வருவார். கௌபாய் தொப்பி, கழுத்தில் டைக்குப் பதில் ஒரு கயிறு, பழைய டிரெய்லர் வீட்டு வாசலில் ஒரு மடக்கு நாற்காலி, கையில் பீர். ஜோ பாப் பிரிக்ஸ் என்று பெயர். நிஜப் பெயர் ஜான் புளூம், பத்திரிகைக்காரர். 1982-இல் எங்கள் டல்லாஸில் வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழில், டிரைவ்-இன் தியேட்டர்களில் ஓடும் படங்களுக்கு மட்டும் விமர்சனம் எழுதத் தொடங்கியவர். பெரிய விமர்சகர்கள் சீந்தாத படங்கள். பேய், பூச்சி, கார் துரத்தல், ரம்பம் தூக்கி வரும் கொலைகாரன். படம் தொடங்குமுன் ஒரு கணக்கு வாசிப்பார்: இத்தனை பிணம், இத்தனை வெடிப்பு, இத்தனை கார் நொறுங்கல். கையில் கிடைத்ததை எடுத்து அடித்தால் அந்தப் பொருளோடு 'ஃபு' சேர்த்துவிடுவார், குங்ஃபு மாதிரி. வாணலியால் அடித்தால் வாணலி-ஃபு.

அவர் பேசும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டிவைப்பேன், படம் தொடங்கியதும் குறைத்துவிடுவேன். அடுத்த அறையில் வீட்டுக்காரர் தூங்கவேண்டும். ஆக, படம் எங்களுக்குக் கிட்டத்தட்ட ஊமைப்படம். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது. ஆனால் ஒரு படத்தில்கூட "என்ன நடக்குது?" என்று என்னைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் வேறு. "ஏன் கண்ணு, இந்தக் காருக்குப் பெட்ரோலே தீராதா?" "இவ்வளவு பெரிய பூச்சிக்கு யாரு சோறு போடறது?" இடையில் நான் பாத்திரம் கழுவப் போய்த் திரும்பினால் கணக்கு ஒப்பிப்பார்: "மூணு காரு, ஒரு பாலம், ஒரு கோழிப்பண்ணை போச்சு."

அந்தப் படங்கள் அப்படித்தான் எடுக்கப்பட்டன என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. டிரைவ்-இன் என்பது என்ன? திறந்தவெளியில் பெரிய திரை, எதிரே வரிசையாகக் கார்கள். 1933 ஜூனில் நியூஜெர்சியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் முதல் தியேட்டரைத் திறந்தார். 1950-களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. ஜன்னலில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கியில் பாதி வசனம் கரகரப்பிலேயே போய்விடும். பின் சீட்டில் பிள்ளைகள் சண்டை. அடுத்த காரில் காதலர்கள், அவர்கள் திரையைப் பார்க்கப் போவதில்லை. தின்பண்டக் கடையில்தான் தியேட்டர்காரருக்கு லாபம், அதனால் பாதிப் பேர் எப்போதும் வரிசையில் நிற்பார்கள். கையில் பாப்கார்னோடு திரும்புகிறவனுக்குத் திரையைப் பார்த்த மாத்திரத்தில் கதை புரியவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று உடையவேண்டும், எரியவேண்டும், பாயவேண்டும்.

இதையே அப்படியே எடுத்து வீட்டுக் கூடத்தில் வையுங்கள். விளம்பரம், போன், அடுப்பில் பால், அழும் குழந்தை. வித்தியாசம் ஒன்றுமில்லை! டிரைவ்-இன் படத்துக்கு இரண்டாவது பிறந்த வீடு டிவிதான் என்பேன். நல்ல தியேட்டரில் கும்மிருட்டில் உட்கார்ந்து பார்த்தால் இவற்றில் பாதி தாங்காது, ஓட்டையெல்லாம் தெரியும். டிவியில், அதுவும் பாதி கவனத்தில், இவை பிரமாதம். கவனமே தராத ஆளிடமிருந்து கவனத்தைப் பிடுங்குவதற்கென்று பிறந்த படங்கள். கவிதை மாதிரியான ஒரு படத்தை எடுத்தவர் என் வீட்டு ஹாலில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கட்டும் பார்க்கலாம்.

இந்த ராஜ்ஜியத்தின் சக்கரவர்த்தி, படங்களைத் தயாரித்து இயக்கிய ரோஜர் கோர்மன். 2024 மே மாதம், 98 வயதில் போனார். 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் பெரும்பகுதியை இரண்டு பகல் ஓர் இரவில் எடுத்து முடித்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு கதை. 'தி ரேவன்' என்று ஒரு படம் எடுத்து முடித்தார். கோட்டை செட் மிச்சம். அதைப் பிரிப்பதற்குள் பேய்ப்பட நடிகர் போரிஸ் கார்லாஃபை வைத்து சில நாளில் 'தி டெரர்' (1963) படத்துக்கு வேண்டியதைச் சுட்டுக்கொண்டார். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் கார்லாஃப் இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருக்கிறார். அதையாவது விடுவாரா? பீட்டர் போக்டனோவிச் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, இந்த இரண்டு நாளையும் 'தி டெரர்' படத்துத் துண்டுகளையும் வைத்து ஒரு படம் பண்ணு என்றார்.

எங்கள் அம்மா மீந்த சாதத்தில் எலுமிச்சை பிழிந்து தாளிப்பார். மறுநாள் அதுவும் மீந்தால் என்ன செய்வார் என்று நான் கேட்டதில்லை. கோர்மன் அதையும் செய்துகாட்டியிருக்கிறார். அப்படிப் பிறந்த 'டார்கெட்ஸ்' (1968) இன்றைக்கும் என் நெஞ்சைப் பிசையும் படம். வயதான பேய்ப்பட நடிகராகக் கார்லாஃப். கிளைமாக்ஸ் ஒரு டிரைவ்-இன்னில். திரையில் ஓடுவது அதே 'தி டெரர்'. திரைக்குப் பின்னால் ஒளிந்து கார்களைச் சுடுகிறான் ஒருவன். அவனை நோக்கிக் கிழவர் கைத்தடியோடு நடந்துவருகிறார், திரையில் இருக்கும் அவருடைய உருவமும் வருகிறது. எது நிஜம், எதைச் சுடுவது என்று அவனுக்குக் குழம்பிப்போகிறது. மிச்சத்தின் மிச்சத்தில் கிண்டின படம் இது.

பின்னாளில் பெரிய இயக்குநர்களான கொப்போலா, ஸ்கார்செஸி, ஜேம்ஸ் கேமரன் எல்லோரும் கோர்மனிடம் வேலை பார்த்தவர்கள் என்பதைச் சொல்லிச் சொல்லி இந்தப் படங்களுக்கு மதிப்புத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். மாமியார் வீட்டில் "எங்க சித்தப்பா தாசில்தார்" என்று சொல்லிக்கொள்வது மாதிரி. தாசில்தார் இல்லாவிட்டாலும் நாங்கள் மனிதர்கள்தான்.

உதாரணத்துக்கு எச். பி. ஹாலிக்கி. பழைய கார்களை வாங்கி உடைத்து விற்கும் தொழில் செய்தவர். யாரிடமும் உதவி இயக்குநராக நிற்கவில்லை. 1974-இல் 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்தை அவரே எழுதி, எடுத்து, நடித்து, காரையும் அவரே ஓட்டினார். கடைசிக் கார் துரத்தல் மட்டும் 40 நிமிடம். மொத்தம் 93 கார் காலி. இதை ஒரு மத்தியானம் வேறொரு கேபிள் சேனலில் பார்த்தோம். நடிப்பு என்று ஒன்று அதில் கிடையாது, வசனத்தை யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலிருக்கும். ஆனால் அந்த மஞ்சள் மஸ்டாங் ஒவ்வொரு இடியிலும் நசுங்குவது நிஜ நசுங்கல். கடைசியில் அது பறந்து விழும்போது உள்ளே இருப்பது அவரேதான். அந்தத் தாவலில் அடிபட்டுப் படுத்தார். 1989-இல் இரண்டாம் பாகம் எடுக்கும்போது படப்பிடிப்பிலேயே விபத்தில் இறந்தும்போனார். அம்மா அந்தக் காரைப் பார்த்து, "இதைத் தட்டி நிமித்தி வித்திருப்பானா?" என்று கேட்டார். ஹாலிக்கியே கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். என் மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் இந்தப் படங்கள் பிடிக்கும், ஆனால் "எவ்வளவு கேவலம் பாரு" என்று சிரிப்பதற்காகப் பிடிக்கும். நானும் யோக்கியமில்லை. மினசோட்டாவில் ஓர் உள்ளூர் சேனலில் 1988-இல் பிறந்த 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' நிகழ்ச்சியில் ஓர் ஆளும் இரண்டு பொம்மை ரோபோக்களும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து படத்தைக் கிண்டலடிக்கும். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அதில் வந்துதான் 'மேனோஸ்' (1966) என்ற படம் உலகப் புகழ் பெற்றது, உலகிலேயே மோசமான படம் என்று.

அந்தப் படத்தின் கதை தெரிந்தபிறகு எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எல் பாசோ ஊரில் உரம் விற்ற ஹரால்ட் வாரன் என்பவர், நானும் ஒரு பேய்ப்படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு திரைக்கதாசிரியரிடம் பந்தயம் கட்டினார். எடுத்தும் காட்டினார். கையால் சாவி கொடுக்கும் கேமரா. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடம்தான் ஓடும். சத்தம் பதியாது, அப்புறம் நாலைந்து பேர் உட்கார்ந்து எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். படம் மோசம்தான், இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் உரக்கடைக்காரர் ஒருவர் அரை அரை நிமிடமாகச் சேர்த்து ஒரு முழுப் படத்தைக் கட்டியிருக்கிறார். நான் இரண்டு பக்கக் கட்டுரையைத் தொடங்கி முடிக்காமல் எத்தனை வைத்திருக்கிறேன்!

ஜோ பாப்பிடம் எனக்குப் பிடித்தது இதுதான். அவரும் சிரிப்பார், ஆனால் எடுத்தவனோடு சேர்ந்து. இந்தக் காட்சியில் ஏன் மழை நின்று நின்று பெய்கிறது, பணம் எங்கே தீர்ந்தது, அந்தப் போலீஸ்காரன் வேடத்தில் வருவது யாருடைய மச்சான் என்பதெல்லாம் சொல்வார். அப்புறம் அந்தக் காட்சியை நீங்கள் கேலியாகப் பார்க்க முடியாது.

வேண்டுமென்றே மட்டமாக எடுக்கும் படங்களை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. 2013-இல் சைஃபை சேனலில் சுறாக்களைச் சூறாவளியில் பறக்கவிட்டார்களே, அந்த வகை. "பார், நாங்கள் எவ்வளவு மோசம்" என்று கண்ணடித்துக்கொண்டே வருகிறது. கூத்தில் கோமாளி தடுக்கி விழுந்தால் சிரிக்கலாம். நான் தடுக்கி விழப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு விழுகிறவனை என்ன செய்ய?

எல்லாவற்றையும் பூசி மெழுகவும் மாட்டேன். இந்தக் குவியலில் பாதிக்குமேல் பெண்ணைக் கத்தவைத்துத் துணியைக் கிழிப்பதே தொழிலாகக் கொண்டவை. அம்மாவை வைத்துக்கொண்டு பார்த்த என்னைக் காப்பாற்றியது டிஎன்டியின் கத்தரிதான். ஜோ பாப் அந்த வெட்டுகளைத் திட்டுவார், நான் மனசுக்குள் கும்பிடு போடுவேன். இதே கோர்மன்தான் 1970-லேயே ஸ்டெஃபனி ராத்மன் என்ற பெண்ணை இயக்குநராக வைத்துப் படம் எடுத்து வசூல் பார்த்தார். 'டெர்மினேட்டர்' தயாரித்த கேல் ஆன் ஹர்ட் அவரிடம் உதவியாளராகத் தொடங்கியவர். அதற்காக அவர் தயாரித்த, சிறைக்குள் பெண்களை வதைக்கும் படங்களை மன்னித்துவிட முடியுமா? எனக்கு முடியவில்லை. அந்த வகை வந்தால் சேனலை மாற்றிவிடுவேன்.

இப்போது யானைக்கு வருகிறேன். ஒரு ராத்திரி ரப்பர் உடை போட்ட ஏதோ ஒரு ஜந்து திரையில் வந்தபோது, அம்மா பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டே, "இது என்ன பிரமாதம், நம்ம ஊர்ல ஆனைக்கே முடி ஒட்டிப் படம் எடுத்தாங்க" என்றார். அவருடைய பெரியப்பா சேலத்து சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸில் லைட் தூக்கினவர். தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 'தி ஜங்கிள்', 1952. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரமும் அமெரிக்காவின் ராபர்ட் லிப்பெர்ட்டும் சேர்ந்து எடுத்தது. லிப்பெர்ட் சல்லிசான படங்களுக்குப் பேர் போனவர், தியேட்டர்களும் வைத்திருந்தார், டிரைவ்-இன் உட்பட. ஆக, அமெரிக்காவில் அந்த ஆளும் சேலத்தில் தொழிற்சாலை மாதிரி மாதச் சம்பளத்தில் ஆட்களை வைத்துப் படம் எடுத்த நம் சுந்தரமும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் மூவரும் இந்தியக் காட்டுக்குள் போகிறார்கள். காட்டில் ஏன் யானைகள் மிரண்டு ஓடுகின்றன? கடைசியில் தெரிகிறது: பனிக்காலத்து மாமத் யானைகள். அதாவது நம் யானைகளுக்கே சடைசடையாக முடி போர்த்தியது.

போன பொங்கலுக்குச் சேலம் போனபோது அதை டிவியில் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிற அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வழியாகத்தான் கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தோம். நடுவில் நம்பியார் வந்தார். "அட, நம்பியாரு!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் அம்மா. வெள்ளைக்காரர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நான் காபி போட எழுந்து போய்த் திரும்பி வந்தேன், கதை ஒன்றும் தவறவில்லை. கடைசியில் அவை வந்தன, உடம்பெல்லாம் சடையாட.

அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மூரு வெயில்ல அதுக்குக் கம்பளியப் போத்திவிட்டிருக்கானுங்களே கண்ணு," என்றார். "தண்ணி கிண்ணி ஊத்தினானுங்களோ என்னமோ."