பாங்காக் போனால் முதலில் படகுத்துறைக்குப் போங்கள்

பாங்காக் போய்வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால் பாதிப் பேர் டிராஃபிக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பட்டாயாவில் இரண்டு நாள், பாங்காக்கில் ஒன்றரை நாள் என்று பேக்கேஜ் எடுத்து, அந்த ஒன்றரை நாளிலும் பாதியை வேனுக்குள் கழித்தால் வேறு என்ன நினைவில் நிற்கும்? அந்த ஊர் மேல் தீராத பிரியம் உள்ளவன் என்பதால் இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. பாங்காக்கை ரோட்டு வழியாகப் பார்ப்பது ஒரு வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைவது மாதிரி. அந்த ஊருக்கு வாசல் தண்ணீர்ப் பக்கம்.

1782-இல் முதலாம் ராமா மன்னர் சாவ்பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை அமைத்தபோது அங்கே தெரு என்றால் வாய்க்கால்தான். சரோன் குரூங் என்கிற முதல் பெரிய சாலையே 1860களில்தான் வந்தது. அதற்கப்புறம் வாய்க்கால்களைத் தூர்த்துத் தூர்த்து ரோடு போட்டார்கள். தோட்டமும் வயலும் மனையானபோது அவரவர் நிலத்துக்குள் அவரவர் சந்து விட்டுக்கொண்டார்கள். அதைத்தான் 'சோய்' என்கிறார்கள். பல சோய்கள் முட்டுச்சந்து. பக்கத்து சோய்க்குப் போவதென்றாலும் பெரிய ரோட்டுக்கு வந்துதான் திரும்ப வேண்டும். சாயங்காலம் சுகும்வித் ரோட்டில் டாக்ஸி நின்ற இடத்திலேயே நிற்பது அதனால்தான். மேப்பில் 3 கிலோமீட்டர் என்று பார்த்து ஏறிவிட்டு டிரைவரைக் கோபித்துப் பயனில்லை.

சரி, படகுக்கு வருவோம். பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலில் சிலோம் லைன் பிடித்து சஃபான் தாக்சின் ஸ்டேஷனில் இறங்கினால், கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. போனதுமே சுற்றுலாப் படகுக்குக் கூவி அழைப்பார்கள். அது நீலக்கொடி. மோசமில்லை, ஆனால் விலை கூட. ஊர் ஜனங்கள் போவது ஆரஞ்சுக்கொடிப் படகில். எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட் (தாய்லாந்துப் பணம்)தான். ஒன்றிரண்டு பாட் ஏறியிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் காலையும் மாலையும் ஓடும் மஞ்சள்கொடிப் படகு பல துறைகளில் நிற்காது. தெரியாமல் ஏறிவிட்டு, இறங்க வேண்டிய இடம் கண்ணெதிரே கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஏறுமுன் கொடியின் நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலான துறைகளில் இரண்டு திசைப் படகுகளும் ஒரே மிதவையில்தான் வந்து அணையும் என்பதால், படகின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

துறைகளுக்கு நம்பர் உண்டு. சாத்தோர்ன் நடுத்துறை, அங்கிருந்து ஆற்றின் மேல்முகமாக வடக்கு 1, 2 என்று எண்ணிக்கொண்டே போகலாம். 5 ராட்சவோங், சைனா டவுனுக்கு. 8 தா தியன். அதன் பின்னால்தான் 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சயனித்திருக்கும் வாட் போ கோயில். எதிர்க்கரை வாட் அருண் கோயிலுக்குப் போக அங்கேயே 5 பாட்டுக்குத் தனிப் படகு. 9 தா சாங், அரண்மனைக்கு. 10 வாங் லாங், சாப்பாட்டுக் கடைகள் நெருக்கியடிக்கும் சந்தை.

படகில் ஏறியதும் காதில் விழுவது விசில். ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஏறி இறங்குவது பின்பக்கம். பின்னால் கயிற்றோடு நிற்கும் ஆள் விதவிதமாக விசிலடித்தே படகைத் துறைக்கு அணைய வைக்கிறார். நம்மூர் பஸ் கண்டக்டர் விசில் தெரிந்தவர்களுக்கு அதைக் கேட்பதே தனி சந்தோஷம். டிக்கெட் கொடுப்பவர் கையில் நீளமான தகரக் குழாய் ஒன்று. சில்லறையும் டிக்கெட் சுருளும் அதற்குள்ளேயே. மூடியை டக் டக்கென்று தட்டிக்கொண்டு வருவார், நாம் காசை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். படகு ஒரு துறையில் நிற்பது சில வினாடிகள்தான். முந்தின துறை தாண்டியதுமே எழுந்து பின்பக்கம் வந்துவிடுங்கள். அங்கே பிக்குகளுக்கென்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். பெண்கள் பிக்குகளைத் தொடாமல் சற்றுத் தள்ளி நிற்பது அந்த ஊர் மரியாதை.

தா சாங்கில் இறங்கி அரண்மனைக்கு நடக்கும்போது யாராவது சிரித்த முகத்தோடு வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, 20 பாட்டுக்கு டுக்டுக்கில் வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்றால் நிற்காதீர்கள். அந்த டுக்டுக் கடைசியில் நவரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய்த்தான் நிற்கும். 20 பாட்டுக்கு ஓட்டுவது கடைக்காரர் கொடுக்கும் கமிஷனுக்காக. அரசச் சடங்குகளுக்காக அரண்மனையை மூடுவது எப்போதாவது உண்டு. அதைக்கூட வாசலில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழங்காலும் தோளும் மறைகிற உடை கட்டாயம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் 'நோ மீட்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காய்கறி வதக்கலிலும் மீன் சாறு (நாம் ப்ளா) ஊற்றுவார்கள்; பப்பாளிச் சாலட்டில் காய்ந்த இறாலும் சேரும். மஞ்சள் துணியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 மாதிரி ஓர் எழுத்து தொங்கும் கடையைத் தேடுங்கள். அதுதான் 'ஜே'. அங்கே மீனும் முட்டையும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது.

ஆற்றைவிட எனக்கு நெருக்கமானது சேன் சேப் வாய்க்கால். மூன்றாம் ராமா காலத்தில், 1837-இல், படைகளைக் கிழக்கே கொண்டுபோவதற்காக வெட்டத் தொடங்கியது. இன்றைக்கு அதில் ஓடும் படகுகள்தான் ஆபீஸ் போகிறவர்களின் உயிர்நாடி. தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு. ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பொறுப்பு வந்து சேரும்: எதிரே படகு வரும்போது கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் வரிசை முழுக்க நனையும். தாழ்வான பாலங்களுக்கு அடியில் கூரையே கீழே இறங்கும். அதனால்தான் வெளி விளிம்பில் தொற்றிக்கொண்டு டிக்கெட் கொடுப்பவர்கள் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள். நீங்களும் தலையையும் கையையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பிரதுநாமில் எல்லோரும் இறங்கி வேறு படகு மாற வேண்டும். தெரியாதவர்கள் அங்கேதான் முழிப்பார்கள்.

வாய்க்காலின் மேற்குக் கோடியில் ஃபான் ஃபா துறை. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் சிவப்புத் தேக்குக் கம்பங்களோடு ஒரு ராட்சத ஊஞ்சல் நிற்கும். 1935-க்குப் பிறகு அதில் யாரும் ஆடுவதில்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்கிற பிராமணர் கோயில். அந்த ஊஞ்சலில் ஆடிய சடங்கின் பெயர் 'த்ரியம்பவாய்', நம் திருவெம்பாவைதான். ஊஞ்சல் நின்றுபோனாலும் அந்தத் தாய்லாந்துப் பிராமணர்கள் மார்கழிப் பாட்டை வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். உச்சரிப்பு நமக்குப் பிடிபடாத அளவுக்கு மாறிவிட்டது. நம்மூர் டூர் வேன்களில் எத்தனை அங்கே நிற்கின்றன? சிலோம் மாரியம்மன் கோயிலையாவது பார்க்கிறார்கள். இந்த வாசலுக்கு வருவதே இல்லை.

ஊஞ்சலைப் பார்த்துவிட்டு படகிலேயே திரும்புவதென்றால் ஆறு மணிக்குள் ஃபான் ஃபாவுக்கு வந்துவிடுங்கள். இருட்டினால் படகு குறைந்துவிடும்.