வயிறு காயாதது யார் வீட்டுப் பிள்ளைக்கு?

1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திக் காடுகளில் வளர்ந்தவர்கள் சொல்லும் நினைவுகளில் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: கையில் காசு இல்லை, ஆனால் வயிறு காயவில்லை. நம் ஆட்களும் அதைப் பகிர்ந்து, "அந்தக் காலத்து உழைப்பு அப்படி" என்று நாலு வரி சேர்த்துவிடுகிறார்கள். உழைப்பில் யாரும் குறை வைக்கவில்லை. வயிறு காயாததற்குக் காரணம் சொந்த நிலம். வாரத்துக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்கு, உழுதவர்கள் வீட்டில் கதையே வேறு.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேல், அதாவது ஒரு பொதி, சுமார் 500 பவுண்டு பஞ்சு. அதற்கு 1,500 பவுண்டு கொட்டைப் பருத்தி எடுக்க வேண்டும். கைதேர்ந்த ஆளே நாளைக்கு 200 பவுண்டுதான் எடுப்பார். காய்ந்த காயின் ஓட்டு முனை நகக்கண்ணைக் கிழிக்கும். பிள்ளைகள் கையும் அதற்குத் தப்பாது, எடுப்புக் காலத்தில் பள்ளியையே மூடிவிடுவார்கள். 1929இல் பவுண்டு 17 சென்ட் அளவில் விற்ற பஞ்சு, 1931இல் 6 சென்டுக்கும் கீழே போனது. 85 டாலர் பெற்ற பேல் 30 டாலரைக்கூடத் தொடவில்லை. பாதி வாரத்தில் உழுதவருக்கு அதில் பாதி. மார்ச்சிலிருந்து கடையில் பற்று எழுதிய மாவு, மண்ணெண்ணெய், உரத்தில் தன் பங்கு எல்லாம் அதில்தான் கழியும். கடன் விலை ரொக்க விலையைவிடக் கூடுதல், அதற்கு மேல் 10 சதவீத வட்டி. நாலைந்து மாதக் கடனுக்கு முழு 10 சதவீதம்! கணக்கு நோட்டும் கடைக்காரர் கையில்.

சொந்த நிலக்காரர் வீட்டில் பசு, தோட்டம், பன்றி மூன்றும் இருக்கும். பன்றி அறுக்க நல்ல குளிர் விழும்வரை, அநேகமாக டிசம்பர்வரை காத்திருப்பார்கள். மயிர் நீக்கும் வெந்நீர் 65 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். விரலைச் சட்டென்று மூன்று முறை நனைத்து எடுக்க முடிந்து, நாலாவது முறை முடியாவிட்டால் அதுதான் பதம். கொதிக்கவிட்டால் மயிர் இறுகிக்கொள்ளும், சுரண்டினாலும் வராது. உப்புக்கண்டம் போட 100 பவுண்டு இறைச்சிக்கு 8 பவுண்டு உப்பு. தொடையின் மேலே தேய்த்தால் போதாது, மூட்டுப் பக்கம் எலும்பை ஒட்டி விரலால் திணிக்க வேண்டும். இடையில் வெயில் அடித்தால், உப்பு எலும்புவரை இறங்குமுன் உள்ளே கெட்டுவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பியைக் குத்தி மோந்து பார்க்க வேண்டும். இறைச்சி உறைகிற குளிரும் ஆகாது, உப்பு இறங்காது. பிறகு ஹிக்கரி விறகில் புகை போடுவார்கள். பைன் விறகு வைத்தால் பிசின் வாடை ஏறிவிடும். வெயில் ஏறி ஈ வருமுன் துணிப்பையில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

வாரக்குடி இதையெல்லாம் செய்யாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொன்ன பண்ணைக்காரர்கள் உண்டு. அது அபாண்டம். கடைக்காரர் கடன் கொடுப்பது பருத்தியை நம்பி, தக்காளியை நம்பி அல்ல. அதனால் வாசல்படிவரை பருத்தி. சாப்பாடு மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரைப்பாகு. குளிர்காலம் முழுக்க இதுவே என்றால், வெயில் ஏறும்போது கழுத்தைச் சுற்றியும் புறங்கையிலும் தோல் கருத்து உரியும். அதுதான் பெல்லக்ரா. 1915இல் டாக்டர் ஜோசப் கோல்ட்பர்கர் மிசிசிப்பியின் சிறைப் பண்ணையில், முன்வந்த கைதிகளுக்கு இதே மாதிரிச் சாப்பாடு கொடுத்து நோயை வரவழைத்தே காட்டினார். நியாசின் என்ற வைட்டமின்தான் குறைபாடு என்று பிடிபட்டது 1937இல். ஆனால் பாலும் இறைச்சியும் பயறும் கொடுத்தால் தீரும் என்பது அதற்கு 20 வருடம் முன்பே தெரியும். கறவை மாடு வாங்க வழியில்லாதவர்களுக்கு அது தெரிந்து என்ன ஆகப்போகிறது?

1933 கோடையில் விலையை ஏற்ற, விளைந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை அரசு காசு கொடுத்து உழுது அழிக்கவைத்தது. பயிரை மிதிக்காமல் நடக்கப் பழக்கிய கோவேறு கழுதைகளைப் பாத்தி மேலேயே ஓட்டவேண்டி வந்தது. காசோலை நில உடைமையாளர் பெயருக்குப் போனது. பலர் வாரக்குடியின் பங்கைப் பாக்கியில் கழித்துக்கொண்டார்கள், சிலர் ஆளையே வெளியேற்றினார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரோன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கமாக உட்கார்ந்தது இதனால்தான். அரசுப் பணத்தில் எங்கள் பங்கை நேராக எங்களிடமே கொடுங்கள் என்று கேட்டார்கள்.