சோறு உண்டா, மாப்பிள்ளை?

(சான் பிரான்சிஸ்கோ, மிஷன் தெரு. சனிக்கிழமை பகல் ஒன்றரை மணி. புரிட்டோக் கடை, அதாவது மெல்லிய கோதுமை ரொட்டியில் கறியும் பீன்ஸும் வைத்துச் சுருட்டித் தரும் மெக்சிகோச் சாப்பாட்டுக் கடை. வாசலைத் தாண்டி நடைபாதை வரை வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒட்டுக்கேட்கவில்லை. தமிழ் தானாக வந்து காதில் விழுந்தால் நான் என்ன செய்ய முடியும்?)

மாமனார்: இந்தக் கடையில் சோறு உண்டா, மாப்பிள்ளை?

மருமகன்: மாமா, முதலில் இது எப்பேர்ப்பட்ட கடை என்று கேளுங்கள். என் பட்டியலில் ஒன்பதாவது. எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. டார்ட்டியா ரொட்டிக்கு 25 மார்க், கறிக்கு 30, சல்சா சட்னிக்கு 15, சுருட்டின இறுக்கத்துக்கு 10...

மாமனார்: பசிக்கு எத்தனை?

மருமகன்: பசிக்கா?

மாமனார்: காலையில் ஃப்ரீமான்ட்டில் இரண்டு இட்லி. அப்புறம் கார் நிறுத்த இடம் தேடி ஊரைச் சுற்றினோம். அப்புறம் இன்னொரு கடை வரிசையில் நின்றோம். பாதி தூரம் நகர்ந்ததும் போனைப் பார்த்தீர்கள், இந்தக் கடைக்கு 0.2 அதிகம் என்று இங்கே அழைத்து வந்துவிட்டீர்கள். அந்த 0.2 சாப்பிட எப்படி இருக்கும்?

மருமகன்: நல்லதைத் தேடித்தான் போக வேண்டும் மாமா. 2014-இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்று ஒரு புள்ளிவிவரத் தளம் நாடு முழுக்க 67,391 புரிட்டோக் கடைகளை அலசியது. அதில் 64 கடைகளைப் பொறுக்கி, ஒரு பத்திரிகையாளரை ஊர் ஊராக அனுப்பித் தின்ன வைத்தது.

மாமனார்: அறுபத்து நாலையும் ஒரே ஆளா?

மருமகன்: ஒரே பெண்மணி.

மாமனார்: ஆய கலைகள் அறுபத்து நான்கைக் கற்றவர்கள் உண்டு. தின்றவர் இந்த அம்மா ஒருவர்தான். சரி, எந்தக் கடை ஜெயித்தது?

மருமகன்: இதே தெருவில் இருக்கிற லா டாக்கேரியா.

மாமனார்: அங்கே சோறு உண்டா?

மருமகன்: அதுதானே அதன் விசேஷம்! சோறே வைக்க மாட்டார்கள். கறி, பீன்ஸ், சல்சா, அவ்வளவுதான். கேட்டால் வெளிப்பக்கத்தைக் கல்லில் போட்டுப் பொன்னிறமாக முறுக வைத்தும் தருவார்கள்.

மாமனார்: (ஆகாயத்தைப் பார்த்தபடி) சோறில்லாததற்கு முதல் பரிசு.

(வரிசை இரண்டு அடி நகர்ந்தது. மருமகன் நகரவில்லை. பாடம் எடுப்பவர்கள் நகர்வதில்லை. பின்னாலிருந்து நான்தான் இருமினேன்.)

மருமகன்: சோறு வைப்பது இந்த மிஷன் வட்டாரத்துப் பழக்கம் மாமா. எல் ஃபாரோ கடைக்காரர் 1961-இல் நான்தான் ஆரம்பித்தேன் என்றார். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் சாண்ட்விச் கேட்டு வந்தார்களாம். அவர்களுக்காகப் பண்ணினாராம். பெரிய டார்ட்டியா கைவசம் இல்லாததால் சின்னதை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துச் சுருட்டினார் என்று கதை.

மாமனார்: கிழிந்த இலைகளை ஒட்டிப்போட்டுப் பந்தி நடத்துவோமே, அது போல. கெட்டிக்காரர்.

மருமகன்: ஆனால் லா கும்ப்ரே கடைக்காரர்கள் 1969-இல் நாங்கள்தான் முதலில் என்கிறார்கள்.

மாமனார்: எட்டு வருஷம் கழித்து வந்து முதலில் என்றால், அவர்கள் நம் ஊர் ஆட்கள்தான். கும்பகோணத்தில் ஒரே தெருவில் எத்தனை 'ஒரிஜினல்' டிகிரி காபிக் கடை!

மருமகன்: அசல் வேண்டுமென்றால் மெக்சிகோவின் வடக்கே போக வேண்டும். சோனோரா, சிவாவா. கோதுமை விளைகிற பக்கம். மெல்லிசான டார்ட்டியா, உள்ளே ஒன்றோ இரண்டோ சமாச்சாரம். ஒல்லியாக இருக்கும்.

மாமனார்: சோறு...

மருமகன்: கிடையாது. சான் டியேகோ பக்கம் போனால் கலிஃபோர்னியா புரிட்டோ. சுட்ட மாட்டுக்கறியோடு உருளைக்கிழங்கு ஃப்ரைஸையும் உள்ளே வைத்தே சுருட்டுவார்கள்.

மாமனார்: வறுவலை உள்ளே வைத்துவிட்டுச் சோற்றை வெளியே தள்ளுகிறார்களா? அப்புறம் எதற்குத் தொட்டுக்கொள்ள?

மருமகன்: நியூ மெக்சிகோவில் மேலே மிளகாய்ச் சாறு ஊற்றித் தட்டில் தருவார்கள். சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும்.

மாமனார்: சோறும் வேண்டுமென்றால் என்ன பண்டிகை சொல்வது?

மருமகன்: மாமா, சோறு என்பது சும்மா வயிற்றை அடைக்கிற சரக்கு. என் பட்டியலில் அதற்கு மைனஸ் ஐந்து.

(தஞ்சாவூர் ஜில்லாக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்ல ஒன்று தைரியம் வேண்டும், இல்லாவிட்டால் எக்செல் வேண்டும். மாமனார் முகம் மாறவில்லை. கையிலிருந்த மஞ்சள் பையை மட்டும் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.)

மாமனார்: புரிட்டோ என்றால் என்ன அர்த்தம்?

மருமகன்: குட்டிக் கழுதை.

மாமனார்: வாங்கப் போகிற பொருளுக்கு வைத்த பெயரா, வரிசையில் நிற்கிறவர்களுக்கு வைத்ததா?

மருமகன்: (சிரிக்காமல்) உள்ளே வைக்கிற பீன்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமனார்: பீன்ஸ் பொரியலா?

மருமகன்: பொரியல் இல்லை. முற்றின கொட்டை. நம் ஊர் ராஜ்மாவின் சொந்தக்காரன். அதை வேக வைத்து, மசித்து, வறுத்தால் ரீஃப்ரைடு பீன்ஸ்.

மாமனார்: ரீ என்றால் மறுபடி. நேற்று மிஞ்சினதையா வறுக்கிறார்கள்?

மருமகன்: ஐயோ, ஸ்பானிஷில் ரெஃப்ரிட்டோஸ் என்றால் 'நன்றாக வறுத்தது'. இங்கிலீஷுக்கு வரும்போது 'மறுபடி' ஆகிவிட்டது.

மாமனார்: எதில் வறுப்பார்கள்?

மருமகன்: பழைய முறைப்படி மன்டேக்காவில். பன்றிக் கொழுப்பு. அந்த வாசனையே தனி!

(மாமனார் ஒன்றும் பேசவில்லை. நாலு பேர் சாப்பாடு வாங்கிப் போனார்கள்.)

மாமனார்: மாப்பிள்ளை, சோறு மட்டும் தனியாகத் தருவார்களா?

மருமகன்: மறுபடியும் சோறா! இவ்வளவு தூரம் வந்தது அதற்கா? ஊரில் சாப்பிடாத சோறா? மெக்சிகோக்காரர்கள் சமையலை ஒரு விஞ்ஞானம் மாதிரி ஆராய வேண்டும் மாமா. மிளகாய், தக்காளி, இந்த பீன்ஸ், எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர்கள் மாதிரி ஆட்கள் கொண்டுவந்துதான் நமக்குக் கிடைத்தது. தெரியுமா?

மாமனார்: அப்படியா? நம் வீட்டுக் குழம்புக்கு மிளகாய் கொடுத்தவர்கள் என்றால் சம்பந்தி முறை ஆகிறது. அவர்கள் சாப்பாட்டுக்கு மார்க் போடலாமா?

மருமகன்: அதில் என்ன தப்பு?

மாமனார்: தப்பில்லை. உங்கள் கல்யாணத்தில் வத்தக்குழம்புக்கு நீங்கள் பத்துக்கு ஆறு போட்டதையும் நான் தப்பென்று சொல்லவில்லையே.

மருமகன்: ...அது யார் சொன்னது?

மாமனார்: பரிமாறினவர் சொன்னார். பத்து வருஷமாகிறது. அவர் இன்னும் என்னைப் பார்த்தால் மீதி நாலு எங்கே போச்சு என்று கேட்கிறார்.

(இதற்குள் கல்லாமேடையை நெருங்கிவிட்டோம். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், கையில் உறை, நெற்றியில் வியர்வை. டார்ட்டியாவை ஆவிப்பெட்டியில் ஒரு அமுக்கு. எடுத்துப் பலகையில் விரித்து ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, கொத்தமல்லி. பக்கவாட்டு இரண்டையும் உள்ளே மடித்து, கட்டைவிரலால் இழுத்து, ஒரே உருட்டு. வெள்ளித்தாளில் போட்டு நுனியை முறுக்கினால் அடுத்த ஆள். மாமனார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

மாமனார்: நாற்பது வருஷம் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்திருக்கிறேன். எனக்கே நூல் வேண்டும். இந்த அம்மா நூலில்லாமல் கட்டுகிறார். இறுக்கத்துக்கு எத்தனை மார்க் என்றீர்கள்?

மருமகன்: பத்து. ஆனால் நுனி கொஞ்சம் தளர்வு. ஏழு போடலாம். சீக்கிரம் சொல்லுங்கள் மாமா, சுட்ட மாட்டுக்கறி கார்னே அசாடாவா, பன்றிக்கறி கார்னீட்டாஸா? மாடு வேண்டாமென்றால் கோழி?

மாமனார்: இன்றைக்கு என்ன கிழமை?

மருமகன்: சனி.

மாமனார்: என்ன மாதம்?

மருமகன்: அக்டோபர்.

மாமனார்: தமிழில் கேட்டேன்.

மருமகன்: ...

மாமனார்: புரட்டாசி. காலையிலிருந்து சோறு உண்டா, சோறு உண்டா என்று நான் எதற்குக் கேட்டேன் என்று நினைத்தீர்கள்? கறியும் ஆகாது, பன்றிக் கொழுப்பும் ஆகாது. உங்கள் முதல் பரிசுக் கடைக்குப் போயிருந்தால் வெள்ளித்தாளைத்தான் தின்றிருப்பேன்.

மருமகன்: மாமா, சொல்லியிருக்கலாமே! இப்போது... சோற்றிலும் சில இடங்களில் கோழிச் சாறு ஊற்றி வேக வைப்பார்கள். இருங்கள், இந்தக் கடையைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். (போனை எடுக்கிறார்.)

(பின்னால் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன். மாமனார் போனைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கறுப்பு பீன்ஸ் பாத்திரத்தைச் சுட்டிக்காட்டினார்.)

மாமனார்: அம்மா. மன்டேக்கா?

(பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று தலையாட்டி, பக்கத்திலிருந்த எண்ணெய் டப்பாவைத் தட்டிக் காட்டினார். மாமனார் விரலைச் சோற்றுப் பக்கம் நகர்த்தி, இரண்டு கையையும் மடக்கிக் கோழி மாதிரி அடித்துக் காட்டினார். பெண்மணி வாய்விட்டுச் சிரித்து, 'நோ, நோ' என்று ஒரு தக்காளியை எடுத்துக் காட்டினார். மொத்தம் பத்து நொடி.)

மருமகன்: (போனிலிருந்து தலை தூக்காமல்) மாமா, இங்கே ஒருவர் போட்டிருக்கிறார், 2019-இல்...

மாமனார்: நீங்கள் படியுங்கள் மாப்பிள்ளை.

(பெண்மணி டார்ட்டியாவை விரித்துச் சோற்றை ஒரு கரண்டி வைத்தார். மாமனார் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கரண்டி வைத்தார். அதற்குக் காசு கேட்கவில்லை. வெள்ளித்தாள் பொட்டலம் கைக்கு வந்ததும் மாமனார் அதை உள்ளங்கையில் வைத்து, பழைய பழக்கம், எடை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.)

மாமனார்: அரை மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களே தம்பி, எந்த ஊர்?

நான்: மன்னார்குடி, சார்.

மாமனார்: அப்படிச் சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் கேளுங்கள், சோறு இன்னும் இருக்கிறது.