பணிஸைக் கடிக்காமல் பேக்கரிக்குப் புள்ளி போடாதீர்கள்

அந்தக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து பதினொரு பேர் அனுப்பிவிட்டீர்கள். கண்டியின் மிகச் சிறந்த பத்துப் பேக்கரிகளாம். காணொளி போட்டவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பத்தில் எட்டு, குரோசானும் சீஸ் கேக்கும் விற்கும் குளிரூட்டிய கடைகள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றில் குரோசான் உண்மையிலேயே அருமையாக இருந்தது. பட்டியல் அவருடையது, போட்டுக்கொள்ளட்டும்.

மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் நடந்து வரும்போது, ஒரு பழைய கடையின் கண்ணாடிப் பெட்டியைப் படம் பிடித்தபடி இரண்டு வசனங்கள் சொன்னாரே, அவைதான் இரண்டு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. "இதையெல்லாம் பட்டியலில் சேர்க்க முடியாது, இது வயிற்றை நிரப்பும் சாமான்." அது முதலாவது. "உள்ளே யார், எந்தக் கையால் பிசைகிறார்களோ!" அது இரண்டாவது. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பெட்டியிலிருந்து எதையும் வாங்கவில்லை. ஒரு வாய் கடிக்கவில்லை.

பணிஸைக் கடிக்காமல் பேக்கரிக்குப் புள்ளி போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இங்கேயே நிறுத்தியிருப்பேன், அந்த இரண்டாவது வசனம் மட்டும் இல்லாதிருந்தால்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மேல்தட்டில் மாலு பாண், முக்கோணமாக. அதற்குப் பக்கத்தில் பட்டிஸ், ரோல்ஸ். கீழ்த்தட்டில் சீனிச் சம்பல் பணிஸ், அதன் ஓரத்தில் கிம்புலா பணிஸ். இந்த ஒரு பெட்டிக்குள் எத்தனை பேருடைய பேச்சு கிடக்கிறது என்று அவர் யோசித்திருக்கிறாரா? பாண் போர்த்துக்கேயச் சொல். அதைச் சுடும் போறணையும் அவர்கள் விட்டுச் சென்ற சொல்தான். மாலுவும் கிம்புலாவும் சிங்களம், மீனும் முதலையும். பணிஸ் ஆங்கிலேயரோடு வந்தது. நத்தார் காலத்தில் பறங்கியர் வீடுகளில் வெட்டப்படும் புரூடர் என்ற கேக் ஒல்லாந்தருடையது. ரவையும் கஜுவும் பன்னீரும் சேர்ந்த லவ் கேக்கை எல்லா வீடுகளும் தங்களுடையது என்று சொல்லும். நோன்பு மாதத்தில் மீரா மக்காம் பள்ளிவாசல் பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள். கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளக் கட்லட்டும் சமோசாவும் வாங்க எல்லா இனத்தவரும் நிற்பார்கள். தலதா மாளிகையும் தேவாலயமும் பள்ளிவாசலும் கட்டுக்கலைப் பிள்ளையாரும் ஒரு நடைக்குள் இருக்கும் ஊர் இது. இந்த ஊரின் பேக்கரிகளைப் பார்க்கப் புறப்பட்டவர் பார்க்க வேண்டியதே அந்தப் பெட்டியைத்தான்.

கிம்புலாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது எனக்குப் பிரியமானது. மாவை முக்கோணமாக வெட்டி, அகலமான பக்கத்திலிருந்து கூர்முனை வரை உருட்டி, இரண்டு நுனிகளையும் இலேசாக வளைத்து, மேலே சீனி தூவிப் போறணையில் தள்ளுவார்கள். இப்போது குரோசான் செய்வதைப் பாருங்கள். அங்கும் முக்கோணம்தான், அங்கும் உருட்டல்தான். மாவுக்குள் பட்டரை வைத்து மடித்து, குளிரவைத்து, மீண்டும் மடிப்பார்கள். அந்த அடுக்குகள்தான் வித்தியாசம். அது பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் குரோசானும் பாரிஸில் பிறந்ததல்லவே. வியன்னாவின் பிறை வடிவ ரொட்டியிலிருந்து வந்தது. 1830களின் இறுதியில் ஆகுஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் வியன்னா பாணிப் பேக்கரி ஒன்றைத் திறந்த பிறகே அங்கு பரவியது. வந்தேறிய பண்டத்தைப் பாரிஸ் தன்னுடையது என்று கொண்டாடலாம். வந்து சேர்ந்த பண்டத்தைக் கண்டி தன் கையால் முதலையாக வளைத்தால் மட்டும் அது வயிற்றை நிரப்பும் சாமானா?

வயிற்றை நிரப்புவதில் என்ன இழிவு? 1970களின் நடுப்பகுதியில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். என் அப்பாயி விடிவதற்கு முன் ஹட்டனுக்கு நடந்து போய்ப் பாண் வரிசையில் நின்றதை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அரை இறாத்தல் கிடைத்தால் ஐந்து பேருக்குப் பங்கு. பிளேன்டீயில் தொட்டுச் சாப்பிட்ட அந்தத் துண்டின் ருசியை அவர் இன்றும் சொல்லுவார்.

"உள்ளே யார் பிசைகிறார்கள்" என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். என் அப்பா பிசைந்தார். முப்பத்தொரு வருடம்.

தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியக் கிடைக்காமல் பதினேழு வயதில் நுவரெலியாவில் ஒரு பேக்கரிக்குப் போனார். 1,868 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகளில் புல்லில் பனி உறையும். அந்தக் குளிரில் மா எழும்பாது. கொழும்பில் சீக்கிரம் பொங்கும் மா அங்கே இரவெல்லாம் அசையாமல் கிடக்கும். மா மூடைச் சாக்குகளால் போர்த்தி, போறணைச் சுவரோரம் வைத்து, பிள்ளையைப் பார்ப்பது போல எழுந்து எழுந்து பார்ப்பார்களாம். ஆனால் மெதுவாக எழும்பிய மாவுக்குத்தான் மணம் உண்டு என்பார் அப்பா. இன்று பெரிய கடைகளில் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓர் இரவு வைத்து மாவைப் புளிக்க வைத்து, அதைச் சிறப்பு என்று எழுதி ஒட்டுகிறார்கள். மலையில் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்தார்கள்.

பிறகு கண்டி. முதலாளி ஒரு முஸ்லிம். அப்பா அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பார். தலைமை பாஸ் மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர், எல்லோருக்கும் பாஸுன்னஹே. அப்பாவுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். சித்திரைப் புத்தாண்டுக்கு பாஸுன்னஹே ஊருக்குப் போகும்போது எங்கள் வீட்டுக்கென்று ஒரு பெட்டி கேக் தனியாகச் சுட்டு வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அப்பாவின் இரண்டு முன்னங்கைகளிலும் போறணைத் தட்டு சுட்ட கோடுகள், ஏணிப் படிகளைப் போல. சின்ன வயதில் அவற்றை எண்ணுவேன். இருபதுக்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாது.

அந்தக் கை. அதைப் பற்றித்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

இப்போது சிலர் வருவார்கள், தெரியும். "சுத்தம் வேண்டாமா?" வேண்டும். ஈ மொய்க்கும் கடையைச் சொல்லுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். மேசையில் தட்டு நிறையப் பண்டங்களைக் கொண்டுவந்து வைத்து, சாப்பிட்டதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, மிச்சத்தை அடுத்த மேசைக்கு அனுப்பும் வழக்கம் எனக்கும் பிடிக்காது. ஆனால் அவர் ஈயைக் காட்டவில்லை. கையைக் கேட்டார்.

"பட்டர் போடாமல் மாஜரின் போடுகிறார்களே?" போடுகிறார்கள். பட்டர் போட்ட பணிஸை, கொழுந்து எடுத்துவிட்டுச் சம்பள நாளில் ஐந்து பிள்ளைகளுக்கு வாங்கிப் போகும் தாய் வாங்க முடியுமா? 2022-இல் எரிவாயு இல்லாமல் நாடெங்கும் பேக்கரிகள் மூடிக் கிடந்தபோது எங்கள் ஊரில் பழைய விறகுப் போறணை ஒன்று மட்டும் எரிந்தது. சுற்றுவட்டாரம் முழுவதும் அங்கேதான் நின்றது. அன்று யாரும் மாஜரினா என்று கேட்கவில்லை.

"அவருக்குப் புகழ் வந்ததில் உனக்குப் பொறாமை." இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

"சும்மா ஒரு பகிடிக்குச் சொன்னதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?" வேண்டும். மலையகத்தில் இருந்துகொண்டு இதைப் பகிடி என்பவர்களுக்கு ஞாபகம் இல்லையா? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. பொய். ஆனால் கடைகள் உடைந்தன. அடுத்த மாதமே கண்டிக்குப் பக்கத்தில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஊரடங்கு போட்டார்கள், அவசரகால நிலை அறிவித்தார்கள், முகநூலையே முடக்கினார்கள். 2019 ஏப்ரலில் நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எத்தனை முஸ்லிம் கடைகளுக்கு ஆட்கள் போவதை நிறுத்தினார்கள்? நானாவின் பேக்கரியில் அந்த வருடம் இரண்டு போறணைகளில் ஒன்றை அணைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போனது அப்போதுதான். "உள்ளே யார் செய்கிறார்கள்" என்ற கேள்வி இந்த நாட்டில் எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும். 1983-இல் எரிந்த தமிழ்க் கடைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இந்த ஊரில் உயிரோடு இருக்கிறார்கள்.

நான் பணிஸைப் பற்றி எழுதத் தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன் என்று தெரிகிறது. இருக்கட்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஐயா, காணொளியை முழுவதும் நீக்கச் சொல்லவில்லை. உங்கள் பத்துக் கடைகள் நன்றாக நடக்கட்டும். அங்கேயும் உள்ளே யாரோ ஒருவருடைய பிள்ளைதான் கை சுட்டுக்கொண்டு நிற்கிறான். அந்தக் கண்ணாடிப் பெட்டி வரும் பன்னிரண்டு வினாடிகளை மட்டும் வெட்டிவிடுங்கள். அல்லது திரும்பப் போய், ஒரு கிம்புலா வாங்கி, கடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அதை நான் ஏற்றுக்கொள்வேன்.

என் அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லை. பாடசாலை விடுமுறைக்கு மகன் அவரிடம் போயிருக்கிறான், கையில் தொலைபேசியோடு. மாலையில் இருவரும் சேர்ந்துதான் சாப்பாட்டுக் காணொளிகள் பார்ப்பார்கள். அதற்கு முன் நீக்கிவிடுங்கள்.