ரெண்டு வட்டின்னா 24 சதவீதம்
"ரெண்டு வட்டிக் கடன்தானே, அடைக்க அவசரப்படாதீங்க, மியூச்சுவல் ஃபண்டுல 12 சதவீதம் வருது"ன்னு கடன் வாங்கினவருக்கு யோசனை சொல்லியிருக்கீங்க அண்ணா. அது தப்புக் கணக்கு. ரெண்டு வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். நீங்க சொன்ன 12 சதவீதமும் வருஷத்துக்குத்தான், அதுவும் உறுதி கிடையாது. 50,000 ரூபாய்க்கு வட்டி மட்டும் வருஷம் 12,000 போகும். ஃபண்டுல நல்லா வந்தாலும் 6,000தான்.

கோத்தகிரியில எங்க அம்மா பச்சைத் தேயிலைக் காசு கைக்கு வந்ததும் முதல்ல வட்டிக்கு ரெண்டு ஐநூறு ரூபாய் நோட்டைத் தனியா எடுத்து வைப்பாங்க. மூணு வருஷத்துல 36,000 கட்டினாங்க, அசல் அப்படியே நின்னுச்சு. இலை விலை இறங்குன மாசத்துலயும் அந்த ஆயிரம் குறையல.

கடன் வாங்கினவரை, கையில இருக்கிற காசுல அவசரத்துக்குக் கொஞ்சம் வச்சுக்கிட்டு மீதியை அசல்ல கட்டச் சொல்லுங்க. 9 சதவீத வீட்டுக் கடன்னா வேற பேச்சு.