மாளாவின் யூதக் கல்லறைத் தோட்டமும் 1955-இல் கொடுத்த வாக்கும்

இந்திய மண்ணில் யூதர்களை யாரும் துன்புறுத்தியதில்லை என்று நாம் அடிக்கடி பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். கொச்சியில் போர்த்துக்கீசியர் செய்த கொடுமைகளை விலக்கிவிட்டுப் பார்த்தால், அந்தப் பெருமையில் பெருமளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் உடன் வாழ்ந்தபோது ஒரு சமூகத்தை எப்படி நடத்தினோம் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது பாதிக் கணக்குதான். அவர்கள் ஊரைவிட்டுப் போன பின்பு, விட்டுச்சென்ற கல்லறைகளை எப்படி வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், கொடுங்கல்லூருக்கு அருகிலுள்ள மாளா என்ற சிற்றூரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே தோன்றுகிறது.

கொடுங்கல்லூர் வட்டாரத்தில் யூதர்களின் வரலாறு மிகப் பழையது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவுக்கான உரிமையும் வேறு 72 உரிமைகளும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அதன் பல தொடர்கள் தமிழ் அறிந்தவருக்கு அந்நியமாக இரா. உலகும் சந்திரனும் உள்ளவரை அந்த உரிமைகள் ரப்பானின் வழியினருக்கு நிலைக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிற்காலத்தில் கொச்சி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று அவர்களின் குடியிருப்புகள் பரவின. சேந்தமங்கலத்தில் உள்ள சாரா என்ற பெண்ணின் நினைவுக்கல் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாக அதையே கருதுகிறார்கள். மலையாளம் பேசி, மலையாளத்திலேயே பாடல் புனைந்து, அவற்றைப் பெண்கள் குறிப்பேடுகளில் எழுதிக் காத்துவந்த சமூகம் அது.

இஸ்ரேல் உருவானபின், 1950-களின் முற்பாதியில் அவர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுவிட்டார்கள். யாரும் துரத்தவில்லை, நூற்றாண்டுகளாக வேண்டிக்கொண்ட மண்ணுக்குப் போகும் வாய்ப்பு வந்தது, போனார்கள். 1955-இல் மாளா யூதர்கள் கிளம்பும்போது தங்கள் தொழுகைக்கூடத்தையும், சுமார் 4 ஏக்கர் பரப்புள்ள கல்லறைத் தோட்டத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதி ஒப்படைத்தார்கள். கல்லறைகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

இன்று அந்த நிலத்தில் கண்ணுக்குத் தெரிபவை மூன்றே கல்லறைகள். நிலத்தின் பெரும்பகுதியில் விளையாட்டு அகாதெமி ஒன்றின் மைதானம் எழுந்திருக்கிறது. மாளா தொகுதியிலிருந்து பலமுறை சட்டமன்றத்துக்குப் போனவரும் முதலமைச்சராக இருந்தவருமான கே. கருணாகரனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். (வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்களின் நிலத்தில் வைத்த பெயர் என்பதையும் கவனிக்கலாம்.) இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் அதே வட்டாரத்து மலையாளிகள்தாம் என்பதால், ஊரையே குற்றம் சொல்வது அநியாயம்.

முசிறி மரபுத் திட்டத்தின் கீழ் பரவூர், சேந்தமங்கலம் தொழுகைக்கூடங்களை அரசு அழகாகச் செப்பனிட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வேலை பாராட்டுக்குரியதுதான். ஆனால் யூதச் சட்டத்தின் பார்வையில் முன்னுரிமை வேறு மாதிரி அமைந்திருக்கிறது. தொழுகைக்கூடத்தைச் சில நிபந்தனைகளோடு விற்கலாம் என்று அவர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே அனுமதிக்கிறது. கல்லறைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது என்றென்றைக்கும் இறந்தவருக்கே உரியது. அதிலிருந்து உயிரோடிருப்பவர் எந்தப் பயனும் அடையக் கூடாது. தக்க காரணமின்றி எலும்புகளை இடம்மாற்றவும் கூடாது. பயணிகள் படமெடுக்க ஏற்ற கட்டடத்தைப் பொலிவாக்கிவிட்டு, அந்த மக்கள் எதை மீறவே கூடாது என்று நம்பினார்களோ அதன்மேல் மைதானம் அமைப்பதை மரபுப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டாமா என்ற கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. நிலம் அரிதான கேரளத்தில் 4 ஏக்கர் சிறிய பரப்பு அல்ல. பயன்படுத்த ஆளில்லாத இடுகாடு எந்தப் பஞ்சாயத்தின் கண்ணையும் உறுத்தும். ஆனால் அந்த நிலம் அரசு கையகப்படுத்தியதோ விலைக்கு வாங்கியதோ அல்ல. திரும்பி வந்து சரிபார்க்க மாட்டோம் என்று தெரிந்தும், அயலாரை நம்பி ஒப்படைத்தது. நெவாத்திமிலும் இஸ்ரேலின் பிற கிராமங்களிலும் கேரள யூதர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவை ஊர் நலன் என்ற பெயரால் நியாயப்படுத்த முடியாது.

எழுந்த கட்டுமானத்தை இடிப்பதா வேண்டாமா என்பதை நீதிமன்றமும் அரசும் முடிவு செய்யட்டும். அதற்குக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. மண்ணைத் தோண்டாமலே புதைகுழிகளைக் கண்டறியும் கருவிகளைக் கொண்டு முழு நிலத்தையும் அளந்து, கல்லறைகள் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறிக்கலாம். எஞ்சிய பகுதியைச் சுவர் எழுப்பித் தொல்லியல் துறையின் பொறுப்பில் விடலாம். 1955-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மலையாளத்திலும் எபிரேயத்திலும் வாயிலில் பொறித்து வைக்கலாம். மைதானம் கட்டிய செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்குப் பெரிய தொகை தேவைப்படாது.